சேமிப்பிடம் பிறகு, முதலில் தரவு அகராதி

பல துறை ஆய்வுக் குழு ஒன்று நூலகத்தை நாடி வந்தால் பெரும்பாலும் கேட்பது இடம்தான். "டெராபைட் கணக்கில் தரவு இருக்கிறது, எங்கே வைப்பது?" ஆய்வுத் தரவு நூலகரான நான் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. ஒவ்வொருவர் கோப்பிலிருந்தும் முதல் இருபது வரிகளை அனுப்பச் சொல்வேன். இந்த வேலைக்கு வரும் நீங்களும் அப்படியே தொடங்குங்கள்.

வெப்ப அலையால் மருத்துவமனைச் சேர்க்கை கூடுகிறதா என்று ஒரு குழு ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். வானிலைக்காரரின் தரவு வரைபடத்தைப் பிரித்த கட்டம் கட்டமாக, மணிக்கொரு பதிவாக, யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். சுகாதாரத் துறைக்காரரின் தரவு நிர்வாக எல்லைப்படி, வாரத்துக்கொரு எண்ணாக இருக்கும். இரண்டையும் இணைக்குமுன் கேளுங்கள்: வெப்பநிலை என்பது அன்றைய உச்சமா, சராசரியா? வாரம் ஞாயிறில் தொடங்குகிறதா, திங்களிலா? எல்லைகள் எந்த ஆண்டு வரைபடப்படி? அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அது பூஜ்யமா, அளக்கவே இல்லையா? நிபுணர்கள் ஒருவரையொருவர் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் இவை. நூலகர் கேட்டால் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. நம் வேலையின் பெரும்பகுதி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பதில்களைத் தரவு அகராதியாக எழுதுங்கள். நெடுவரிசைக்கு ஒரு வரி: பெயர், பொருள், அலகு, விடுபட்ட மதிப்பின் குறியீடு, யாரைக் கேட்பது. தேதி எல்லா இடத்திலும் ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் இருக்கட்டும்.

பெரிய அட்டவணைகளை எக்செல்லில் திறந்து சேமிக்க விடாதீர்கள். ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் கொள்ளாது. பழைய வடிவத்தில் 65,536 மட்டுமே. இந்தப் பழைய வரம்பால்தான் 2020இல் இங்கிலாந்தின் அன்றாடக் கணக்கில் ஏறத்தாழ 16,000 கோவிட் தொற்றுகள் விடுபட்டன. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) அல்லது பார்க்கே (பெரிய அட்டவணைகளுக்கான சுருக்கிய கோப்பு வடிவம்) போதும். மூலக் கோப்புகளை யாரும் திருத்த முடியாதபடி பூட்டிவிட்டு, இடம் மாற்றும்போதெல்லாம் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை, அதாவது கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அதன் கைரேகை போன்ற குறியீட்டை, ஒப்பிடுங்கள்.

அடுத்தது, நான் அதிகம் கவலைப்படும் விஷயம். தனித்தனியாகப் பார்த்தால் யாரையும் காட்டிக்கொடுக்காத இரண்டு அட்டவணைகள், சேர்ந்ததும் ஆளை அடையாளம் காட்டிவிடும். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று தரவுத் தனியுரிமை ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 2000இல் மதிப்பிட்டார். அதனால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இணைத்த தரவுக்கும் பொருந்துகிறதா என்று, இணைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிறந்த தேதிக்குப் பதில் வயதுப் பிரிவு போதுமா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் போதும்.

கடைசியில்தான் சேமிப்பிடம். ஜெனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் ஒரு பதிவுக்கு வழக்கமான வரம்பு 50 ஜிபி. எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியதில்லை. பகுப்பாய்வுக்குப் பயன்பட்ட அட்டவணை, கணினி நிரல், தரவு அகராதி, உரிமம் ஆகியவற்றை ஏற்றி, டிஓஐ எனும் நிலையான இணைய அடையாள எண் ஒன்றை வாங்குங்கள். மூலத் தரவு ஏற்கெனவே வேறொரு மையத்தில் பத்திரமாக இருந்தால் படியெடுக்க வேண்டாம். அதன் இணைப்பு, பதிப்பு எண், பதிவிறக்கிய தேதி மூன்றையும் குறித்துவையுங்கள்.