எச்சரிக்கைப் பலகைகளைப் படமெடுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

லிஃப்ட் கதவு, மின்சாரப் பெட்டி, நீச்சல் குளத்தின் ஓரம், எக்ஸ்ரே அறை வாசல், கட்டட வேலை நடக்கும் இடம். நாம் அன்றாடம் கடந்துபோகும் இடங்களில் எல்லாம் ஏதாவது ஒரு பலகை நம்மை எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. புகைப்படம் பழக நினைப்பவர்களுக்கு இவை அருமையான பொருள். பலகை அசையாது, நாம் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் காத்திருக்கும். ஆனால் கோணமும் ஒளியும் தூரமும் கொஞ்சம் பிசகினாலும் எழுத்து படிக்க வராமல் போய்விடும் என்பதால், தவறு எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலகையை மட்டும் எடுத்தால் கிடைப்பது ஒரு நகல்தான். அது எதைப் பற்றி எச்சரிக்கிறதோ அதையும் சேர்த்து எடுக்கும்போதுதான் பார்ப்பவர் நின்று பார்ப்பார். கீழே உள்ள படிகள் எல்லாம் அங்கே போய்ச் சேருவதற்காகத்தான்.

படி 1: பலகையின் மொழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐ.எஸ்.ஓ. 7010 என்ற சர்வதேசத் தரநிலை பாதுகாப்புக் குறிகளுக்கு நிறமும் வடிவமும் வகுத்திருக்கிறது. கறுப்பு விளிம்புள்ள மஞ்சள் முக்கோணம் என்றால் ஆபத்து. குறுக்குக்கோடு போட்ட சிவப்பு வட்டம் என்றால் செய்யக் கூடாது. நீல வட்டம் என்றால் கட்டாயம் செய்ய வேண்டும். பச்சை, தப்பிக்கும் வழியையும் முதலுதவியையும் காட்டும். சிவப்புச் சதுரம் தீயணைப்புக் கருவிக்கானது. சாலைக் குறிகளுக்குத் தனிக் கணக்கு: 1968 வியன்னா ஒப்பந்தம் சிவப்பு விளிம்பு முக்கோணம், மஞ்சள் நிறச் சாய்சதுரம் என்ற இரண்டு வடிவங்களையும் ஏற்கிறது.

இந்தக் குறிகளுக்கு வரலாறும் உண்டு. கதிரியக்கத்தைக் குறிக்கும் மூன்று இதழ்ச் சின்னம் 1946-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி கதிரியக்க ஆய்வகத்தில் பிறந்தது. அப்போது அது நீலப் பின்னணியில் ஊதா கலந்த சிவப்பாக (மெஜந்தா) இருந்தது, மஞ்சள் பிற்பாடுதான் வந்தது. மருத்துவக் கழிவுப் பெட்டிகளில் பார்க்கிறோமே, அந்த உயிரியல் அபாயச் சின்னம் 1966-இல் டௌ கெமிக்கல் நிறுவனத்தில் உருவானது. யாருக்கும் எந்த அர்த்தமும் தோன்றாத, ஆனால் மறக்க முடியாத ஒரு வடிவத்தைத் தேடி அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இதெல்லாம் தெரிந்திருந்தால் எந்தப் பலகை வழக்கமானது, எது அபூர்வமானது என்பது பார்த்தவுடன் பிடிபடும்.

படி 2: நிற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்

பலகை சொல்வது உங்களுக்கும் சேர்த்துத்தான். உயர் அழுத்த மின்சார வேலிக்கு அருகில் போகாதீர்கள். தண்டவாளத்தில் கால் வைக்காதீர்கள். சாலை நடுவில் நின்று கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தூரத்தில் இருந்தே ஜூம் லென்ஸ் வைத்து எடுத்தால் போதும். சொல்லப்போனால், தூரத்து லென்ஸ் பலகையையும் பின்னால் இருக்கும் ஆபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோல நெருக்கிக் காட்டும், படத்துக்கும் அது நல்லது.

பெட்ரோல் பங்கில் செல்போன் கூடாது என்று போட்டிருந்தால் வெளியே வந்து எடுங்கள். படமெடுக்கத் தடை உள்ள இடங்களை விட்டுவிடுங்கள். மருத்துவமனையிலும் தொழிற்கூடத்திலும் பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பலகையைத்தான் எடுக்கப்போகிறேன், ஆட்களை இல்லை என்று சொன்னால் பெரும்பாலும் தயக்கம் தீர்ந்துவிடும்.

படி 3: போனைத் தயார் செய்யுங்கள்

கையில் இருக்கும் போன் போதும். லென்ஸைத் துடையுங்கள். ஃபிளாஷை அணையுங்கள். போர்ட்ரெய்ட் வசதியையும் அணையுங்கள், அது பலகையின் ஓரங்களைத் தப்பாகப் புரிந்துகொண்டு மங்கலாக்கும். திரையில் கட்டக் கோடுகளை இயக்குங்கள். டிஜிட்டல் ஜூமை அதிகம் இழுக்காதீர்கள். போனின் மென்பொருள் இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்பும்போது சிறிய எழுத்துகள் உருத்தெரியாமல் சிதைந்துவிடும்.

படி 4: முதலில் நேராக ஒரு படம்

பலகைக்கு எதிரே, அதன் நடு உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுவாருங்கள். திரையின் கோடுகளும் பலகையின் விளிம்புகளும் இணையாக இருக்க வேண்டும். கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் பலகை மேலே குறுகித் தெரியும். உயரத்தில் இருக்கும் பலகையா? பின்னால் நகர்ந்து, ஜூம் செய்து எடுங்கள், சாய்வு குறையும். போனில் சாதாரண லென்ஸே அகலக் கோணம் கொண்டது என்பதால், இரண்டு மடங்கு ஜூமுக்குத் தனி லென்ஸ் இருந்தால், தள்ளி நின்று அதைப் பயன்படுத்துங்கள், வடிவம் நேராக வரும். ஓரங்களை வெட்டாமல் நான்கு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள். இதுதான் பதிவுக்கான படம்.

படி 5: ஒளி

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைப் பலகை திரை முழுக்க இருந்தால் படம் மங்கி அழுக்காகத் தெரியும். மஞ்சள் பலகையும் அப்படியே. பலகையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு வெளிச்சத்தைச் சற்று மேலே தள்ளுங்கள். கறுப்புப் பலகைக்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும். சிவப்புக்குத் தனிக் கவனம் தேவை: வெளிச்சம் சற்றுக் கூடினாலும் சிவப்பு நிறம் நிரம்பி வழிந்து, அதற்குள் இருக்கும் கீறலும் மடிப்பும் காணாமல் போகும். சிவப்புப் பலகையைக் கொஞ்சம் இருட்டாகவே எடுப்பதுதான் என் பழக்கம்.

சாலைப் பலகைகளின் மேல்தாளில் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ இருக்கும். வண்டி விளக்கின் ஒளியை அவை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. ஃபிளாஷ் அடித்தால் அந்த ஒளி அத்தனையும் உங்கள் லென்ஸுக்கே திரும்பிவந்து, பலகை வெளுத்து, சுற்றுப்புறம் இருண்டுவிடும். இரவில் எடுப்பதாக இருந்தால் முக்காலியில் கேமராவை வைத்து, தெருவிளக்கு வெளிச்சத்திலேயே மெதுவான ஷட்டரில், அதாவது ஒளி அதிக நேரம் உள்ளே வரும்படி, எடுங்கள்.

கண்ணாடிக் கதவில் ஒட்டிய எச்சரிக்கையிலும் பளபளக்கும் பிளாஸ்டிக் பலகையிலும் எதிரொளிப்பு தொந்தரவு செய்யும். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், பாதிப் பிரச்சினை தீரும். போலரைசர் ஃபில்டர் இருந்தால் அதைச் சுழற்றி மீதியைக் குறைக்கலாம். பூச்சில்லாத வெறும் உலோகத்தில் மட்டும் அது எடுபடாது.

எல்.இ.டி. எழுத்துப் பலகைகளில் பாதி எழுத்து காணாமல் போகிறதா? விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிவதுதான் காரணம். ஷட்டரை 1/50, 1/30 நொடி என்று மெதுவாக்குங்கள், முழு வாசகமும் வந்துவிடும்.

பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலை, மாலை வெயிலை மட்டும் தவறவிடாதீர்கள். உலோகத் தகட்டில் பொறித்த எழுத்தும், உரிந்து சுருண்ட பெயின்டும், துருவும் அப்போதுதான் மேடுபள்ளமாக எழுந்து நிற்கும்.

படி 6: பின்வாங்கி, சுற்றிலும் பாருங்கள்

பதிவுப் படம் எடுத்தாகிவிட்டது. இப்போது பலகையை மறந்துவிட்டு, அது சுட்டும் ஆபத்தைத் தேடுங்கள். ‘தலை ஜாக்கிரதை’ என்று எழுதிய உத்தரத்தின் கீழ் விளிம்பில் பெயின்ட் தேய்ந்திருக்கிறதா? அங்கே பல தலைகள் இடித்திருக்கும். அந்தத் தேய்மானத்தையும் எழுத்தையும் ஒரே படத்தில் கொண்டுவாருங்கள். ‘படியைக் கவனிக்கவும்’ என்ற ஒட்டுத்தாள், எல்லோரும் கால் வைக்கும் இடத்தில் மட்டும் அழிந்திருக்கும். ‘ஈரத் தரை’ என்ற மஞ்சள் மடிப்புப் பலகை, தரை காய்ந்த பிறகும் நடைபாதையை மறித்தபடி நிற்கும், ஆட்கள் அதைச் சுற்றி வளைந்து போவார்கள். மரத்தில் ஆணியடித்த தகட்டின் ஓரத்தை மரப்பட்டை மெல்ல விழுங்கியிருக்கும்.

கையால் எழுதிய எச்சரிக்கைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. அச்சிட்ட பலகை வருவதற்குள் யாரோ ஒருவர் பதறி, கிடைத்த அட்டையில் கிடைத்த பேனாவால் எழுதி ஒட்டியிருப்பார். எழுத்தின் அழுத்தத்திலும் இரண்டு முறை போட்ட அடிக்கோட்டிலும் அந்தப் பதற்றம் இருக்கும். நெருங்கிப் போய் செல்லோ டேப், மடிப்பு, மை கசிவு எல்லாம் தெரிய எடுங்கள். அப்புறம் தள்ளி நின்று, அது ஒட்டியிருக்கும் கதவோடும் ஒன்று.

அமைப்பதற்கு எளிய வழி: பலகை முன்னால் ஒரு ஓரத்தில், ஆபத்து பின்னால் எதிர் ஓரத்தில். கேமராவில் லென்ஸ் துளையின் அளவை (அப்பர்ச்சர்) எஃப் 8 அல்லது 11 என்று வைத்தால் இரண்டும் தெளிவாக இருக்கும். போனில் இது தானாகவே ஓரளவு கிடைத்துவிடும். ஆட்கள் கடந்துபோகும் இடமாக இருந்தால், கேமராவை ஊன்றி வைத்து 1/15 போல மெதுவான ஷட்டரில் காத்திருங்கள். பலகை அசையாமல் நிற்க, நடப்பவர் மட்டும் கலங்கிப்போவார். முகமும் அடையாளம் தெரியாது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் தன் கடைசிக் காலத்தில், 1973, 1974 ஆண்டுகளில், போலராய்டு எஸ்.எக்ஸ்-70 கேமராவால் தெருப் பலகைகளையும் எழுத்துகளையும் எடுத்துத் தள்ளினார். சொல்லின் பாதியை மட்டும் சட்டகத்துக்குள் வைத்த படங்களும் அவற்றில் உண்டு. அந்தத் துணிச்சலை நாமும் முயன்று பார்க்கலாம். அவர் பலகைகளைச் சேகரித்தும் வைத்தவர். எச்சரிக்கைப் பலகை விஷயத்தில் மட்டும் அது வேண்டாம். கழற்றாதீர்கள், படத்துக்காக நகர்த்தவும் செய்யாதீர்கள். அடுத்து வருபவருக்கு அது தேவை.

படி 7: திருத்தமும் பகிர்தலும்

சாய்வைச் சரிசெய்யுங்கள், வெள்ளை நிறம் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். நிறத்தைக் கூட்டிப் புதுப் பலகையாக்க வேண்டாம். வெளுப்பும் துருவும் அதன் வயது.

வெளியிடும் முன் தனிநபர் தொலைபேசி எண், வீட்டு எண், வண்டி எண் இருந்தால் மறையுங்கள். ‘நாய் ஜாக்கிரதை’ போல வீட்டு வாசலில் எடுத்த படமென்றால் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். பலகையின் வாசகத்தைப் படத்தோடு தட்டச்சு செய்து சேருங்கள். பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டும், பின்னாளில் நீங்கள் தேடவும் உதவும்.

சுற்றும்போது விழுந்து கிடக்கும் பலகையோ, படிக்கவே முடியாதபடி அழிந்த எச்சரிக்கையோ கண்ணில் பட்டால், படமெடுத்த கையோடு அந்த இடத்தின் பொறுப்பாளரிடம் காட்டுங்கள். எந்த இடம், என்ன நிலை என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.