நோட்டை மூடினால் என்ன மிஞ்சுகிறது? அறிவியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செமஸ்டர் தேர்வு நெருங்கும் நாட்களில் மதுரை நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால், கல்லூரிப் பிள்ளைகள் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பலர் கையில் மஞ்சள் நிற ஹைலைட்டர், பக்கமெல்லாம் கோடு. உழைப்பில் குறையே இல்லை. அந்த உழைப்பு வீணாகிறதே என்பதுதான் இயற்பியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் நின்ற என் வருத்தம்.

ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தவருக்கு ஐந்தாம் முறை எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். தெருவில் தினமும் பார்க்கும் முகம் என்பதால் அவர் பெயர் நமக்குத் தெரிந்துவிடுமா? 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். சிலர் அதையே திரும்பப் படித்தார்கள். சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, நினைவிலிருந்து எழுதியவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். படித்த அன்றைக்கே வரும் நிறைவை நம்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு சமன்பாட்டை வருவிக்கும் பாடம் என்றால் நோட்டை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். எந்த வரியில் நின்றுபோகிறீர்களோ அங்கே ஒரு குறி போட்டு, அந்த வரிக்கு மட்டும் நோட்டைத் திறங்கள். கரிம வேதியியலிலும் இதே வழிதான்: எலக்ட்ரான் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்று அம்புக்குறிகளை நீங்களே வரைய வேண்டும். கணக்கில் இரண்டு நிமிடம் திணறியதும் விடையைப் புரட்டுவது, திரும்பத் திரும்பப் படிக்கும் தவறின் உடன்பிறப்பு. திணறும் அந்த நேரத்தில்தான் கணக்கு உங்களுடையதாகிறது.

எனக்கு அதிகம் வலிப்பது, ஆய்வகச் சோதனைகளை எழுதிவைக்கும் ரெக்கார்டு நோட்டு. சீனியரின் பழைய ரெக்கார்டைப் பார்த்து, விடைக்கு ஏற்ப அளவீடுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதிவிடுகிறார்கள். நியூட்டன் வளையச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள்: கண்ணாடித் தட்டின் மேல் குவிலென்சை வைத்து ஒளி பாய்ச்சினால் தெரியும் கறுப்பும் வெளிச்சமுமான வளையங்களின் விட்டத்தை அளக்கும் சோதனை அது. நகரும் நுண்ணோக்கியின் திருகை ஒரே திசையில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வளையத்தைத் தாண்டிவிட்டோமே என்று பின்னால் திருப்பினால், திருகின் மரைகளுக்குள் இருக்கும் தொய்வு அளவீட்டில் பிழையாக ஏறும். இதைக் கையால் சுற்றிப் பார்த்தவர் மறக்கமாட்டார். வளைய எண்ணுக்கும் விட்டத்தின் இருமடிக்கும் வரைபடம் போட்டால் நேர்கோடு வரும். ஒரு புள்ளி மட்டும் விலகினால், அந்த வளையத்தின் அளவீட்டை மறுபடி பார்க்கச் சொல்கிறது என்று பொருள். காப்பியடித்த அளவீட்டில் எந்தப் புள்ளியும் விலகாது, அதனால் அது எதையும் கற்றுத்தராது. சூத்திரத்தைப் பிழையில்லாமல் எழுதியவரிடம் வாய்மொழித் தேர்வில் “நடுப்புள்ளி ஏன் கறுப்பு?” என்று கேட்டால் மௌனம்தான். லென்சும் கண்ணாடித் தட்டும் தொடும் இடத்தில் காற்றுப் படலம் இல்லாத மாதிரிதான்; ஆனாலும் கீழ்த்தட்டில் பட்டுத் திரும்பும் கதிர் அரை அலைநீளம் மாறிவிடுவதால், அதுவும் லென்சின் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் கதிரும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கண்முன்னே தெரியும் கறுப்புப் புள்ளியைப் பார்த்து ‘ஏன்’ என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும்.

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்திலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இன்னொரு தவறு செய்கிறார்கள். பிளஸ் டூவில் உந்தம், முடுக்கம், குறுக்கீட்டு விளைவு என்று நன்றாகப் புரிந்து படித்ததை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஆங்கில வாக்கியங்களை நெட்டுருப் போடுகிறார்கள். வேண்டாம். புதுப் பாடத்தை முதலில் தமிழில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். பிறகு தமிழ்ச் சொல்லுக்கு எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதி இரண்டு வரிசையாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுத் தாளில் ஆங்கிலம் தானாக வரும்.

தேர்வு விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மொத்தத்தையும் தள்ளிவைப்பது, விடிய விடிய விழித்துவிட்டுத் தேர்வு அறைக்குப் போவது – இவை கெடுதல் என்று எல்லாருக்கும் தெரியும், விளக்கத் தேவையில்லை.

பஸ்ஸில் நெடுந்தூரம் வந்துபோகிறவர்கள் நேரமே இல்லை என்கிறார்கள். ஆடும் பஸ்ஸில் புத்தகம் விரிக்க வேண்டாம். அன்று காலை முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதியதை, முதல் வரியிலிருந்து மனத்துக்குள் எழுதிக்கொண்டே ஊர் போய்ச் சேருங்கள். விட்டுப்போன வரியை வீட்டில் இறங்கியதும் நோட்டில் பாருங்கள்.