வீட்டுப் பயிற்சிக்குச் சுருதியும் தாளமும்: கணினியில் தயாரிப்பது எப்படி?

சத்துவாச்சாரியில் என்னிடம் பாட்டு கற்கும் பிள்ளைகளுக்கு வகுப்பில் சுருதி நிற்கிறது; காட்பாடிக்கோ காகிதப்பட்டறைக்கோ வீடு திரும்பியதும் நழுவிவிடுகிறது. வீட்டில் தம்புரா இல்லை என்பதுதான் காரணம். அதற்காக நான் தயாரித்துக் கொடுக்கும் ஒலிக்கோப்பின் செய்முறை இது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும். தொடக்கப் பாடங்களுக்குக் காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள்.

முதலில் சுருதி. எலக்ட்ரானிக் தம்புராவைப் பிள்ளையின் கட்டைக்கு (பாடும் சுருதிக்கு) வைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வேலூர் வெயிலில் கஷ்டம்தான், ஆனால் அந்த இரைச்சல் பதிந்துவிட்டால் சுத்தமாக நீக்குவது கடினம்.

அப்புறம் தாளம். புதிதாக ஒரு மோனோ ட்ராக் சேர்த்து, 'ஜெனரேட்' பட்டியலில் 'ரிதம் ட்ராக்' எடுங்கள். டெம்போ 60 (நிமிடத்துக்கு 60 தட்டு), ஒரு பாருக்கு 8 தட்டு, மொத்தம் 32 பார். எட்டுத் தட்டு கொண்ட ஆதி தாளத்தில் 32 ஆவர்த்தனம் (சுற்று), 4 நிமிடம் 16 விநாடி ஓடும். சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில் மட்டும் ஒலி அழுத்தமாக விழும். தாளத்தின் உட்பிரிவுகளான லகுவையும் திருதத்தையும் பிள்ளையின் கைதான் காட்ட வேண்டும். அதைக் கணினியிடம் விடக்கூடாது.

பலரும் தடுமாறும் இடம் இனிமேல்தான். இரண்டாம் காலத்துக்கு (இரட்டை வேகத்துக்கு) டெம்போவை 120 ஆக்கிவிடுகிறார்கள். கூடாது. தாளத்தின் வேகம் அப்படியே இருக்கும், ஸ்வரம்தான் இரட்டிக்கும். தொடக்கப் பாடமான முதல் சரளி வரிசையின் ஆரோகணம் (ஏறும் ஸ்வரங்கள்) முதல் காலத்தில் ஓர் ஆவர்த்தனம். இரண்டாம் காலத்தில் அதே ஆவர்த்தனத்துக்குள் ஆரோகணம், அவரோகணம் (இறங்கும் ஸ்வரங்கள்) இரண்டும் முடியும். மூன்றாம் காலத்தில் முழு வரிசையும் இரண்டு முறை வரும். அதாவது 60-இல் விநாடிக்கு நான்கு ஸ்வரம். சின்னப் பிள்ளைகளுக்கு அது அதிகம். மூன்று காலத்துக்கும் சேர்த்து 40-இலேயே தொடங்குங்கள், பார் 20 போதும். கோப்பு ஒன்றுதான், காலத்துக்கு ஒன்று வேண்டாம்.

கீபோர்டு ஒலியில் ஸ்வரங்களையும் சேர்த்துத் தரச் சொல்லிப் பெற்றோர் கேட்பார்கள். நான் தருவதில்லை. தொடக்கப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளையின் அந்தர காந்தாரம் ('க' ஸ்வரம்) கீபோர்டில் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் (ஸ்வர இடைவெளியின் அளவு). தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியிலிருந்து தானாக எழும் காந்தாரம் ஏறத்தாழ 386. காது தம்புராவிடம் பழகட்டும். தவிர, கூடவே ஸ்வரம் ஒலித்தால் பிள்ளை அதைத் தொடர்ந்து போகுமே தவிர தானாகப் பாடாது.

தாளத்தின் ஒலியளவைத் தம்புராவுக்குக் கீழே இறக்கி, எம்பி3 ஆக எக்ஸ்போர்ட் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

பிற்சேர்க்கை: ஜூம் வகுப்பில் தம்புரா மறைந்துபோவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். இடைவிடாத ஒலியை இரைச்சல் என்று எண்ணி ஜூம் அழித்துவிடுகிறது. நீங்கள் பாடிக் காட்டும்போது 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை பாடும்போது கோப்பு பிள்ளையின் வீட்டில்தான் ஓட வேண்டும். உங்கள் பக்கம் ஓட்டினால், இணையத்தில் ஒலி போய்ச் சேரும் தாமதத்தில் தாளம் தப்பும்.