வீட்டுச் சுவரில் லென்ஸ் சோதனை: ஒரு சின்னக் கண்ணாடி போதும்

லென்ஸ் கைக்கு வந்ததும், அது படத்தின் மூலைவரை தெளிவாக எடுக்கிறதா என்று திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இப்படிச் சோதித்துவிடுங்கள். நான் ஒப்பிட்டது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸையும் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது) கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸையும், ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய) சென்சார் கேமராவில்.

நாளிதழின் வரி விளம்பரப் பக்கங்களைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். 50 மி.மீ.க்கு இரண்டரை மீட்டர் தள்ளி ட்ரைபாட். அங்கிருந்து சுமார் 110 × 75 செ.மீ. பரப்பு படத்தில் விழும். நான்கு மூலைகளிலும் எழுத்து இருக்க வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம். கேமரா சுவருக்கு நேராக இல்லாமல் லேசாகத் திரும்பியிருந்தாலும் ஒரு பக்கம் மங்கும். பழி லென்ஸ் மேல் விழும். கண்ணால் பார்த்து நேராக்க முடியாது, ஸ்பிரிட் லெவலும் இடவலத்தைக் காட்டாது. சட்டமில்லாத சிறு முகம்பார்க்கும் கண்ணாடியை நடுவில், சுவரோடு ஒட்டிப் படியும்படி ஒட்டுங்கள். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், கட்டக்கோடுகளைப் போட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் அதில் தெரியாவிட்டால் ட்ரைபாடையே நகர்த்துங்கள். தெரிந்ததும், அது படத்தின் நட்டநடுவில் வரும்வரை ட்ரைபாட் தலையைத் திருப்புங்கள். வந்துவிட்டால் கேமரா நேர். லென்ஸ் மாற்றும்போதெல்லாம் இதை மறுபடி பாருங்கள்.

அப்புறம் எல்லாம் சுலபம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ரா கோப்பு (கேமரா மெருகேற்றாத மூலப் படம்), 2 விநாடி டைமர், ஸ்டெபிலைசேஷன் (நடுக்கம் குறைக்கும் வசதி) அணைப்பு. மின்விசிறியையும் நிறுத்துங்கள், காகிதம் படபடக்கும். ஆட்டோஃபோக்கஸ் வேண்டாம், லைவ் வியூவைப் பெரிதாக்கி, நடுவில் உள்ள எழுத்தில் கையாலேயே ஃபோக்கஸ் செய்யுங்கள். 50-ல் எஃப் 1.8 முதல் 8 வரை எடுங்கள். கிட் லென்ஸை 50-ல் வைத்து எஃப் 5.6, 8 போதும். 5.6-ஐ 5.6-உடன் ஒப்பிடுவதுதான் நியாயம். எஃப் 16-இல் எந்த லென்ஸும் மங்கும், அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

படங்களைக் கணினியில் பார்ப்பதற்கு ரா தெரபி என்ற இலவச மென்பொருள் போதும். சில மென்பொருள்கள் கேட்காமலே லென்ஸ் திருத்தம் போட்டுவிடுகின்றன; இதில் திருத்தம் எதுவும் சேர்க்காத நியூட்ரல் ப்ரொஃபைல் வைத்து 100 சதவீதத்தில் பாருங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மங்கினால்தான் லென்ஸில் குறை இருக்கிறதோ என்று சந்தேகம்.

பிற்சேர்க்கை: "கண்ணாடி வைத்தும் வலது மூலை மங்குகிறது, சுவர்தான் கோணலோ?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கலாம். அதிகாலையில் மொட்டை மாடிக்குப் போங்கள். வெயில் ஏறினால் கானல் அலை கெடுத்துவிடும். தூரத்து செல்போன் கோபுரத்தை நடுவில் வைத்து ஃபோக்கஸ் செய்து, ஃபோக்கஸ் வளையத்தைத் தொடாமல் அதையே நான்கு மூலைகளிலும் வைத்து எடுங்கள். இங்கும் அதே மூலைதான் மங்குகிறதென்றால், லென்ஸைக் கடைக்கு எடுத்துப் போங்கள்.