"டேப் எங்கம்மா போச்சு?": ஃபயர்ஃபாக்ஸ் புதுப் பதிப்பு வந்த அன்று செய்ய வேண்டியவை

மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சம்பளப் பட்டியலில் கணக்கு உதவியாளர். ஆனால் பிரிண்டரில் தாள் சிக்கினாலும் வைஃபை படுத்துக்கொண்டாலும் "நீ கொஞ்சம் பாரும்மா" என்று எல்லாரும் கூப்பிடுவது என்னைத்தான். ஆபீஸில் எட்டு கம்ப்யூட்டர், எட்டிலும் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர். அதன் முகம் மாறும்போதெல்லாம் முதல் திட்டு எனக்குத்தான் விழும், என்னவோ ராத்திரி உட்கார்ந்து நானே மாற்றி வைத்த மாதிரி.

அப்படி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது 2021 ஜூனில். ஜூன் 1 அன்று 89-வது பதிப்பு வந்தது. புரோட்டான் என்று பெயர் வைத்துப் புதுத் தோற்றம். ஊரடங்குக் காலம், ஆளாளுக்கு வீட்டிலிருந்து வேலை. ஒவ்வொருவர் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு நாள் புதுப்பித்துக்கொண்டது, அதனால் போனும் வாரம் முழுக்க அடித்தது. அந்த வாரத்தில் நான் செய்த தப்புகளையும் அப்புறம் கைவந்த வழிகளையும் எழுதிவைக்கிறேன். வீட்டிலோ ஆபீஸிலோ நீங்களும் "கொஞ்சம் பாரும்மா" வகையறா என்றால் உதவும்.

முதலில், மாறியது எது?

புதுப் பதிப்பு வந்த வாரத்தில் எது நடந்தாலும் பழி அதன் தலையில் விழும். எங்களுக்கு வேறொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. ஜூன் 7 அன்று வருமான வரித் தளமும் புது முகவரிக்கும் புதுத் தோற்றத்துக்கும் மாறியது. அக்கா ஒருவர் போன் செய்து, "இந்தப் புது ஃபயர்ஃபாக்ஸ்ல லாகின் பொத்தானையே காணோம்" என்றார். பொத்தானை நகர்த்தியது தளம். திட்டு வாங்கியது ஃபயர்ஃபாக்ஸ்.

ஆகவே அமைப்புகளில் கைவைப்பதற்கு முன் மூன்று சோதனை. அதே பக்கத்தை குரோமிலோ எட்ஜிலோ திறந்து பாருங்கள். அங்கேயும் அப்படியே இருந்தால் மாறியது தளம், விட்டுவிடலாம். அங்கே சரியாக இருந்தால், ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே திறங்கள். ட்ரபிள்ஷூட் மோடில் திறக்கவா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். ஆட்-ஆன் (பிரவுசரில் நாம் சேர்த்த கூடுதல் கருவி) எல்லாம் தூங்கிக்கொண்டிருக்க, வெறும் பிரவுசர் மட்டும் ஓடும். இப்போது சரியாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஏதோ ஒரு ஆட்-ஆன். கவனம், அந்தக் கேள்வியின் பக்கத்திலேயே "ரெஃப்ரெஷ்" என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் ஆட்-ஆன்களும் நீங்கள் செய்துவைத்த அமைப்புகளும் போய்விடும்.

மூன்றாவது சோதனை, அப்டேட் ஏறிய தேதி. செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் கீழே போனால் அப்டேட் ஹிஸ்டரி என்று ஒரு பொத்தான் உண்டு. எந்தப் பதிப்பு என்றைக்கு ஏறியது என்று வரிசையாகக் காட்டும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பவரிடம், பத்து நாளாக இதே பதிப்பில்தான் ஓட்டுகிறீர்கள் என்று காட்டியிருக்கிறேன். சண்டைக்கு இல்லை, தேடும் இடத்தைக் குறைக்கத்தான்.

திட்டை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

போனில் கேட்டதும் உடனே தீர்வு சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு தாளில் எழுதி, "எங்க கிளிக் பண்ணப் போனீங்க, என்ன இருக்கும்னு நினைச்சீங்க?" என்று கேளுங்கள். பத்தில் எட்டுத் திட்டு அழகு பற்றியது இல்லை. கை பழகிய இடத்தில் பொருள் இல்லை, அவ்வளவுதான். இருட்டில் சுவிட்சைத் துழாவுகிற கை.

எங்கள் சாருக்கு அறுபதுக்கு மேல். அவர் சொன்னது: "மெனுவே மொட்டையா இருக்கும்மா." எனக்கு முதலில் புரியவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்தால், மெனுவில் அவர் எழுத்தைப் படித்ததே இல்லை. பிரிண்டர் படத்தைப் பார்த்துத்தான் கிளிக் செய்துவந்திருக்கிறார். 89-இல் அந்த மெனுவிலிருந்த குட்டிப் படங்களை எடுத்துவிட்டார்கள். கருவிப்பட்டையில் காலி இடத்தில் வலது கிளிக், கஸ்டமைஸ் டூல்பார், பிரிண்டர் படத்தை இழுத்து மேலே போடு, டன். ஒரு நிமிஷ வேலை. மெனுவுக்குள்ளேயே போக வேண்டியதில்லை என்றதும் இது பழசை விட நன்றாக இருக்கிறது என்றார். அதே வலது கிளிக்கில் மெனு பார் என்பதையும் டிக் செய்துவிட்டேன். ஃபைல், எடிட் எல்லாம் பழையபடி மேலே நிரந்தரமாக நிற்கும்.

எங்கள் ஜூனியர் தம்பி சொன்னது: "மூணு புள்ளியைக் காணோம்க்கா." முகவரிப் பெட்டியின் ஓரத்தில் இருந்த மூன்று புள்ளி. அதற்குள் போய்த்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரிட்டர்ன் ஒப்புகையைக் கட்சிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான். அந்தப் புள்ளிகளையே நீக்கிவிட்டார்கள். பக்கத்தின் மேல் வலது கிளிக் செய்தால் டேக் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும்.

உண்மையிலேயே எனக்குக் கவலை தந்த புகார் ஒன்றே ஒன்று. ஜிஎஸ்டி பார்க்கும் அக்கா, "எந்த டேப் எங்க முடியுதுன்னே தெரியலை" என்றார். பார்த்தேன். முன்பு டேப்களுக்கு நடுவே மெல்லிய கோடு இருக்கும். புரோட்டானில் அது போய், திறந்திருக்கும் டேப் மட்டும் பொத்தான் போல மிதக்கிறது. மற்றதெல்லாம் வெறும் எழுத்து. ஒரே தளத்தில் மாற்றி மாற்றி நாலு கட்சிக்காரர் கணக்குக்குள் போய்வருகிற இடத்தில் இது சும்மா கண்ணை உறுத்துகிற விஷயம் இல்லை. ஒருவர் தொகையை இன்னொருவர் கட்டத்தில் போட்டுவிடலாம்.

இதற்கு நான் கண்டுபிடித்த மருந்து மல்டி-அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவே தரும் ஆட்-ஆன், இலவசம். நிறுவிவிட்டு கட்சிக்காரருக்கு ஒரு கன்டெய்னர், ஆளுக்கு ஒரு நிறம் என்று வைத்தோம். ஜவுளிக்கடைக்கு நீலம், மளிகை மண்டிக்குப் பச்சை, மருந்துக்கடைக்குச் சிவப்பு. டேப்பில் அந்த நிறத்தில் ஒரு கோடு விழும். முகவரிப் பெட்டியில் கன்டெய்னர் பெயரும் தெரியும். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று: குக்கீ (யார் உள்ளே போயிருக்கிறார் என்று தளம் பிரவுசரில் வைக்கும் குறிப்பு) எல்லாம் தனித்தனி என்பதால், ஒரே தளத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கணக்கைத் திறந்துவைக்கலாம். முன்பெல்லாம் ஒருவர் கணக்கிலிருந்து வெளியே வந்துதான் அடுத்தவர் கணக்குக்குள் போவோம். டேப் கோடு காணாமல் போகாவிட்டால் இதை நாங்கள் தேடியே இருக்க மாட்டோம்.

"பக்கம் சின்னதா ஆயிடுச்சு"

சின்னத் திரை லேப்டாப்காரர்கள் எல்லாரும் சொன்னது இது. புரோட்டானில் மேல்பட்டை உயரம் கூடிவிட்டது. 1366-க்கு 768 திரையில் அது நன்றாகவே தெரியும். பழைய காம்பாக்ட் அளவை கஸ்டமைஸ் பக்கத்தில் காட்டாமல் மறைத்துவிட்டார்கள், ஆனால் தூக்கி எறியவில்லை. முகவரிப் பெட்டியில் அபவுட்:கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஓர் எச்சரிக்கை வரும், ஏற்றுக்கொள்ளுங்கள். தேடும் பெட்டியில் காம்பாக்ட்மோட் என்று நடுவில் இடம் விடாமல் ஆங்கிலத்தில் அடித்தால் 'ஷோ' என்று முடியும் வரி வரும். அதை இரட்டை கிளிக் செய்து ட்ரூ ஆக்குங்கள். இனி கஸ்டமைஸ் பக்கத்தில் கீழே டென்சிட்டி பட்டியலில் காம்பாக்ட் தெரியும். பக்கத்திலேயே "நாட் சப்போர்ட்டட்" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கும். பரவாயில்லை, வேலை செய்கிறது.

அதே இடத்தில் மற்ற வரிகளை நோண்ட வேண்டாம். அன்றைக்கு எல்லாரும் இன்னொரு வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெயரிலேயே புரோட்டான் என்று வரும். அதை ஃபால்ஸ் ஆக்கினால் பழைய முகமே திரும்பிவிடும். நானும் மூன்று கம்ப்யூட்டரில் செய்தேன், கைதட்டு வாங்கினேன். ஆகஸ்டில் 91 வந்தபோது அந்த வழியை அடைத்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் அதே அதிர்ச்சி, எனக்கு அதே போன்கள், இரண்டாம் தவணை. 2023-இல் குரோம் உருண்டையான புதுத் தோற்றத்துக்கு மாறியபோதும் ஃபிளாக்ஸ் என்ற சோதனை அமைப்புகள் பக்கத்தில் இப்படி ஒரு தப்பும் வழி கொஞ்ச காலம் இருந்து பிறகு போனது. அதெல்லாம் இரவல் குடை. மழை விடும் முன்னே திருப்பிக் கேட்பார்கள்.

பழைய பதிப்புக்குத் தாவாதீர்கள்

நான் சறுக்கிய இடம் இது. சார் லேப்டாப்பில் 89 ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பழைய முகமே வேண்டும் என்றார். இஎஸ்ஆர் என்று ஒரு வகை உண்டு. நிறுவனங்களுக்கானது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும், பெரிய மாற்றம் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒருமுறைதான். அப்போது இஎஸ்ஆர் 78, பழைய தோற்றம். எடுத்து அப்படியே மேலே நிறுவிவிட்டேன்.

திறந்ததும், நீங்கள் பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள், புது புரொஃபைல் (புக்மார்க், கடவுச்சொல், அமைப்புகள் எல்லாம் இருக்கும் பை) உருவாக்கவா, வெளியேறவா என்று கேட்டது. அவசரத்தில் உருவாக்கு என்று தட்டிவிட்டேன். பிரவுசர் திறந்தது, துடைத்துவிட்ட சிலேட் மாதிரி. சார் பல வருஷமாகச் சேர்த்த புக்மார்க் ஒன்றுகூட இல்லை. தூரத்திலிருந்தே அடுத்தவர் கம்ப்யூட்டரைக் காட்டும் எனிடெஸ்க்கில் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் போனில் சத்தமே இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

நடந்தது இதுதான். 2019-இல் வந்த 67-வது பதிப்பு முதல், புதுப் பதிப்பு கையாண்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு தொடாது. தரவு கெட்டுவிடக் கூடாது என்பதற்கான காவல். பழைய புரொஃபைல் அழியவில்லை, கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக இருக்கிறது. எனவே 89-ஐ மறுபடி நிறுவி, முகவரிப் பெட்டியில் அபவுட்:புரொஃபைல்ஸ் என்று அடித்து, பட்டியலில் பழைய புரொஃபைலைப் பிடித்து, அதை டீஃபால்ட் ஆக்கும் பொத்தானை அழுத்தி, மூடித் திறந்தேன். எல்லாம் வந்துவிட்டது. எந்தப் புரொஃபைல் பழையது என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றையும் தனி ஜன்னலில் திறந்து பார்க்கும் பொத்தானும் அங்கேயே இருக்கிறது.

இஎஸ்ஆர் தப்பில்லை. பெரிய மாற்றம் வருவதற்கு முன்பே அதில் இருக்க வேண்டும், வந்த பிறகு குதிக்கக் கூடாது. அதுவும் தள்ளிப்போடத்தான் உதவும், தப்பிக்க உதவாது. ஆகஸ்டில் இஎஸ்ஆர் 91 புரோட்டானோடுதான் வந்தது. எங்களிடம் இருந்த ஒரு விண்டோஸ் 7 பெட்டிக்கு மட்டும் கணக்கு வேறு. அதில் ஏறக்கூடிய கடைசி வரிசை 115 இஎஸ்ஆர், அதற்கு மேல் போகாது.

அப்டேட்டையே நிறுத்திவிடலாமே என்று சார் கேட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வங்கித் தளமும் வரித் தளமும் திறக்கிற பிரவுசரில் பாதுகாப்பு ஓட்டையை அடைக்காமல் விட எனக்குத் தைரியம் இல்லை. நடுவழி ஒன்று உண்டு. செட்டிங்ஸில் அப்டேட் பகுதியில், புதுசு வந்தால் சொல்லு, நிறுவுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற தேர்வு இருக்கிறது. கெடு தேதி நெருங்கும் வாரத்தில் மட்டும் அதைப் போட்டுவைப்பேன். கெடு முடிந்த மறுநாள் காலை எட்டு கம்ப்யூட்டரிலும் நானே அப்டேட் கொடுப்பேன். எப்படியும் நாலு வாரத்துக்கு ஒரு பதிப்பு வந்துகொண்டே இருக்கும்.

முன்கூட்டியே

பெரிய மாற்றம் வரப்போகிறது என்று காதில் விழுந்தால் இரண்டு வேலை. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ அழுத்தினால் புக்மார்க் ஜன்னல் திறக்கும். இம்போர்ட் அண்ட் பேக்கப் என்பதில் பேக்கப் எடுத்துப் பென் டிரைவில் போடுங்கள். அபவுட்:லாகின்ஸ் பக்கத்தில் கடவுச்சொற்களையும் வெளியே எடுக்கலாம். ஆனால் அந்தக் கோப்பு பூட்டில்லாத பெட்டி, யார் திறந்தாலும் எல்லாம் தெரியும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.

புதுப்பித்த பிறகு "டேப் எல்லாம் போச்சு" என்று யாராவது அலறினால் பெரும்பாலும் போயிருக்காது. மெனுவில் ஹிஸ்டரி, அதில் ரிஸ்டோர் பிரீவியஸ் செஷன்.

திட்டுவதானால் சேர வேண்டிய இடத்தில்

"கேவலமா இருக்கு, பழசைக் கொடுங்க" என்று எழுதினால் மனசு ஆறும், வேறொன்றும் நடக்காது. மெனுவில் ஹெல்ப் பகுதியில் கருத்து சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் நாலு வரி போதும். என்ன பதிப்பு, என்ன விண்டோஸ், என்ன செய்யப் போனேன், என்ன ஆனது. அக்காவின் டேப் புகாரை இப்படி எழுதினேன்: ஒரே தளம், நான்கு டேப், நான்கு கட்சிக்காரர், நடுவில் கோடு இல்லை, ஆள் மாறிப் பதியும் ஆபத்து. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதைவிட இதில் படிக்கிறவருக்கு விஷயம் இருக்கிறது.

கேட்டால் கிடைக்குமா? சில நேரம், மெதுவாக. 2011-இல் 4-வது பதிப்பில் டேப்களைக் குழுவாக்கும் வசதி இருந்தது. 2016-இல் 45-இல் எடுத்துவிட்டார்கள். ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2025 ஏப்ரலில் 138-இல் டேப் குழு வேறு வடிவில் திரும்பி வந்தது. அதற்கு முந்தைய மாதம் 136-இல் செங்குத்து டேப்பும் வந்தது. டேப்பின் வடிவமோ 2014-இல் வளைவு, 2017-இல் சதுரம், 2021-இல் மிதக்கும் பொத்தான். அடுத்து என்னவோ.

செங்குத்து டேப்பை அக்காவுக்கு நானே போட்டுக் கொடுத்தேன். கட்சிக்காரர் பெயர்கள் பேரேடு மாதிரி இடது பக்கம் வரிசையாக நிற்கின்றன, ஓரத்தில் அதே நிறங்கள். சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. என்னோடதுல பண்ணிடாதே" என்றார்.