மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு தோளைப் பழக்குவது எப்படி?

முக்கூடலில் இருக்கும் என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்தபோது அக்குளில் உள்ள நெறிகளையும் (நிணநீர்க் கணுக்களையும்) எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "கையை அசைக்காத" என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். சித்தியும் கையை நெஞ்சோடு அணைத்தபடியே இருந்தார். மூன்றாம் வாரம் தலை சீவக்கூட கை எழும்பவில்லை. அசைக்காமல் வைத்தால்தான் தோள் இறுகும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் அனுமதி. நெல்லை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியோ வேறு ஆஸ்பத்திரியோ, ஆபரேஷன் செய்த டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் எதை எப்போது தொடங்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மார்பகத்தைச் சீரமைத்திருந்தால் முறை மாறும்.

ஆபரேஷன் ஆன இடத்தில் நீர் வடிய வைத்திருக்கும் டியூபை எடுக்கும் வரை கையைத் தோள்மட்டத்துக்கு மேல் தூக்க வேண்டாம். விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளை மெதுவாக ஏற்றி இறக்குவது, இவையே போதும்.

டியூப் எடுத்து, டாக்டரும் சரி என்றபின் சுவர்ப் பயிற்சி. சித்திக்குக் கை கொடுத்தது இதுதான். பட்டாசலில் (கூடத்தில்) சுவரைப் பார்த்து நில்லுங்கள். நல்ல கையை முழுக்கத் தூக்கி, விரல் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அதுதான் இலக்கு. இப்போது ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையைச் சுவரில் வைத்து, எறும்பு ஊர்கிற மாதிரி விரல்களை மேலே நகர்த்துங்கள். இழுக்கிற உணர்வு வந்ததும் நின்று ஐந்து எண்ணுங்கள். வலித்தால் ஒரு விரற்கடை இறங்கிவிடுங்கள். வரும்போதும் ஊர்ந்தே வர வேண்டும், கையைச் சட்டென்று விடக் கூடாது. காலையும் மாலையும் ஐந்து ஐந்து தடவை. எட்டிய இடத்தில் தினமும் ஒரு கோடு. சில நாள் கோடு கீழே இறங்கும், கலங்காதீர்கள், சித்திக்கும் இறங்கியது.

அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு போல விடைத்துக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காமல் பிசியோவிடம் காட்டுங்கள். சரிசெய்யக்கூடியதுதான்.

அடுத்தது நடை. கீமோ அசதிக்குப் படுத்தே கிடப்பதைவிட நடப்பது நல்லது. 2019-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (ACSM) என்ற நிபுணர் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டல், மிதமான உடற்பயிற்சி வாரம் 3 நாள், 30 நிமிடம் என்கிறது. எடுத்த எடுப்பிலேயே அவ்வளவு வேண்டாம். வெயில் ஏறுமுன் தெருக்கோடி வரை ஐந்து நிமிடம் போய் வாருங்கள், பிறகு கூட்டலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

பீடி சுற்றுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சொளவை (முறத்தை) மடியில் வைத்து மணிக்கணக்காகக் குனிந்தால் தோள் முன்னால் வளைந்து, பயிற்சியின் பலன் போய்விடும். அரை மணிக்கொரு தடவை சொளவை இறக்கிவைத்து, இரண்டு தோளையும் பின்பக்கமாகப் பத்துச் சுற்று சுற்றுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரிக்குப் போனால் பயிற்சி கிடையாது, உடனே டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் வந்தாலும் அப்படித்தான். எலும்புக்கு நோய் பரவியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் பாரம் தூக்குவதோ உடம்பை முறுக்குவதோ கூடாது.

ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் தொளதொளவென்று கிடந்த வளையல் இறுகுகிறதா, கை கனக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். நிணநீர் தேங்கி வீங்குவதன் அடையாளம் அது. வளையலைக் கழற்றிவிட்டு, அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.