எதை வாங்கினால் அடுத்த வெயிட் ஏறும்? ஜிம் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு

ஜிம்மில் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகாத பசங்க கேட்கிற முதல் கேள்வி, "ப்ரோ, எந்த வாட்ச் வாங்கலாம்?" வாட்ச் வாங்குவது தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள்: உங்களுக்கு எது ஏறாமல் நிற்கிறது? ராடைத் தலைக்கு மேலே தள்ளுகிற ஷோல்டர் பிரஸ் அதே வெயிட்டில் நிற்கிறதா, கம்பியில் தொங்கி மேலே ஏறுகிற புல்-அப் ஒன்றுகூட வரவில்லையா, பத்து நிமிஷம் ஓடினாலே மூச்சு முட்டுகிறதா, இல்லை எல்லாம் செய்தும் தொப்பை மட்டும் அசையவில்லையா? இந்த நாலுக்கும் நாலு விதமான சாமான். நின்ற இடம் தெரியாமல் வாங்குகிற எதுவும் சீக்கிரமே பீரோ மேலே ஏறிவிடும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும்.

நின்ற இடம் தெரிய ஒரு நோட்டு போதும். பசங்க ஸ்கூலுக்கு வாங்குகிற அதே கோடு போட்ட நோட்டு. தேதி, என்ன எக்சர்சைஸ், எத்தனை கிலோ, ஒவ்வொரு செட்டிலும், அதாவது ஓய்வெடுக்காமல் செய்கிற ஒவ்வொரு சுற்றிலும், எத்தனை ரெப், அதாவது எத்தனை தடவை. "ஷோல்டர் பிரஸ், 20 கிலோ, 8, 8, 6" என்று ஒரு வரி, அவ்வளவுதான். போனிலும் எழுதலாம், ஆனால் செட்டுக்கு நடுவில் போனைக் கையில் எடுத்தால் ஒரு ரீல்ஸ், அப்புறம் இன்னொன்று, ஒன்றரை நிமிஷ ஓய்வு ஆறு நிமிஷமாகிவிடும். மூன்று நாலு வாரம் எழுதிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். அந்த 6 எப்போதும் 6 ஆகவே இருக்கிறதா, 8, 8, 8 வந்தும் அடுத்த வெயிட்டுக்குப் போகும்போது மூன்று ரெப்பில் கை விழுகிறதா என்று தெரியும். எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்பதை இந்தப் பக்கம்தான் சொல்லும், யூடியூப் ரிவ்யூ சொல்லாது.

இரண்டாவதாகச் சொன்னதுதான், அதாவது அடுத்த வெயிட்டில் கை விழுவதுதான், நம்ம வட சென்னை ஜிம்களில் அதிகம் பார்க்கிறேன். காரணம் ஆளிடம் இல்லை, ராடில் மாட்டுகிற எடைத் தட்டில் இருக்கிறது. புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் சின்ன ஜிம்களில் பெரும்பாலும் இருக்கிற ஆகச் சின்ன தட்டு இரண்டரை கிலோ. ராடின் இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவாக 5 கிலோ. ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட்டை நூறு கிலோவில் போடுகிறவருக்கு அது ஐந்து சதவீதம், கஷ்டப்பட்டுத் தூக்கிவிடுவார். 20 கிலோ ஷோல்டர் பிரஸ் போடுகிறவருக்கு அதே 5 கிலோ என்பது 25 சதவீதம். ஒரே வாரத்தில் கால்வாசி கூட்டச் சொன்னால் எந்த உடம்பு கேட்கும்? பெண்களுக்கு இது இன்னும் மோசம், அவர்கள் தூக்குகிற எடை குறைவாக ஆரம்பிப்பதால் ஒவ்வொரு தாவும் பெரிசாகத் தெரியும், "நமக்கு வராதுபோல" என்று பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

இதற்கு மருந்து அரை கிலோ தட்டு, ஒரு ஜோடி. மைக்ரோ பிளேட் என்று கேட்டால் ஆன்லைனில் கிடைக்கும், ஆனால் வியாசர்பாடி, எருக்கஞ்சேரி பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, அங்கேயே வெட்டி வாங்கிக்கொள்ளலாம். முதலில் உங்கள் ஜிம் ராடை அளந்துகொள்ளுங்கள். மெல்லிசு ராடு என்றால் 30 எம்.எம். ஓட்டை போதும். 10 எம்.எம். கன எம்.எஸ்., அதாவது மைல்ட் ஸ்டீல், தகட்டில், வெளி விட்டம் 95 எம்.எம்., நடுவில் 30 எம்.எம். ஓட்டை போட்டு வெட்டினால் கிட்டத்தட்ட சரியாக அரை கிலோ வரும். முனை பெரிய ஒலிம்பிக் ராடு என்றால் ஓட்டை 52 எம்.எம்., வெளி விட்டம் 104 எம்.எம். பிசிறு எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கை கிழியும். வாங்கியதும் மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள், ஒன்றுக்கொன்று பத்து இருபது கிராம் வித்தியாசம் வந்தால் பரவாயில்லை. இனிமேல் 20-லிருந்து 21, அப்புறம் 22. பையில் போட்டு எடுத்துப்போனால் ஒரு கிலோ கனம், அவ்வளவுதான் தொல்லை. மாஸ்டர் முதலில் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும்.

தரையிலிருந்து ராடைத் தூக்குகிற டெட்லிஃப்ட் போடும்போது முதுகு தாங்குகிறது, கை வழுக்குகிறது என்றால் அது வேறு கதை. மே மாசம் ஷீட் கூரைக்குக் கீழே வியர்வை மணிக்கட்டு வரைக்கும் ஓடிவரும். சிலர் முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கையில் தட்டிக்கொள்கிறார்கள், அது கேரம் போர்டுக்குத்தான் சரி, கையில் போட்டால் இன்னும் வழுக்கும். வேண்டியது மக்னீசியம் கார்பனேட் சாக், ஈரத்தை உறிஞ்சுகிற வெள்ளைப் பொடி. கட்டியாக வாங்கினால் தரையெல்லாம் வெள்ளையாகி திட்டு வாங்குவீர்கள், அதனால் திரவமாக டியூபில் வருவதை வாங்குங்கள். மணிக்கட்டையும் ராடையும் சேர்த்துச் சுற்றுகிற லிஃப்டிங் ஸ்ட்ராப் பஞ்சு நூலில் நெய்ததாக இருக்கட்டும், கடைசி கனமான செட்டுக்கு மட்டும் சுற்றுங்கள். எல்லா செட்டுக்கும் சுற்றினால் கைப்பிடி எப்போது வலுவாவது?

பெல்ட். இதை முதுகைத் தாங்குகிற பட்டை என்று நினைத்துத்தான் நிறைய பேர் வாங்குகிறார்கள், கட்டிக்கொண்டு பைசெப்ஸ் போடுகிறவர்களையும் பார்க்கலாம். அது வேலை செய்கிற விதமே வேறு. வயிறு நிறைய மூச்சை இழுத்து, வயிற்றை பெல்ட்டுக்கு எதிராகத் தள்ளினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி நடு உடம்பு விறைத்து நிற்கும். அதனால்தான் முன்பக்கம் குறுகி பின்பக்கம் அகலமாக இருக்கிற மாடல் எனக்குப் பிடிப்பதில்லை, வயிறு தள்ள வேண்டிய இடத்தில்தானே அது குறுகுகிறது. சுற்றிலும் ஒரே அகலம், நாலு அங்குலம், 10 எம்.எம். தோல். அளவை பேண்ட் சைஸ் வைத்துச் சொல்லாதீர்கள், தொப்புளுக்கு நேராக டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். உங்கள் எடைக்குச் சமமாக ஸ்குவாட் வருகிற வரைக்கும் இது தேவையே இல்லை என்பது என் எண்ணம். பிரஷர், குடலிறக்கம் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கட்டக்கூடாது.

சரி, வாட்ச். ஓட்டம், சைக்கிள், ஸ்கிப்பிங் என்று மூச்சு வாங்குகிற வேலை செய்கிறவர்களுக்கு அது நிஜமாகவே உதவும். பச்சை விளக்கைத் தோலில் அடித்து, ரத்த ஓட்டத்தில் திரும்பிவருகிற வெளிச்சம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து நாடித்துடிப்பைக் கணக்குப் போடுகிறது. ஓடும்போது ஓரளவு சரியாக வரும். டம்பெல்லை இறுக்கிப் பிடிக்கும்போது, மணிக்கட்டு மடங்கும்போது, ஸ்ட்ராப் தளர்ந்திருக்கும்போது கணக்கு குழம்பும். மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே தள்ளிக் கட்டினால் கொஞ்சம் சரியாகும். துல்லியம்தான் வேண்டும் என்றால் நெஞ்சில் கட்டுகிற ஸ்ட்ராப் வாங்குங்கள், அது இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. கட்டுவதற்கு முன் அந்தப் பட்டையை லேசாகத் தண்ணீரில் நனைக்க வேண்டும், கழட்டியதும் உப்பு போக அலச வேண்டும்.

வாட்ச் காட்டுகிற கலோரியை மட்டும் நம்பாதீர்கள். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கைக்கருவிகளை வைத்துச் சோதித்தார்கள். நாடித்துடிப்பில் ஆறு கருவிகள் ஐந்து சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். "400 கலோரி எரிச்சிட்டேன்" என்று பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா நூடுல்ஸான அத்தோவும் முட்டை மசாலாவும் சாப்பிடப் போகிறவர்கள் இதை ஒரு தடவை யோசிக்கலாம். பத்தாயிரம் ஸ்டெப் என்கிற கணக்கும் அப்படித்தான், 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி நடை எண்ணுகிற கருவி விற்க வைத்த எண் அது, டாக்டர் எழுதிக் கொடுத்ததில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு குறைந்தது 150 நிமிஷம் மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைக்கு வேலை.

அப்படியென்றால் வாட்ச்சில் எதைப் பார்ப்பது? காலையில் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற நாடித்துடிப்பு. மாசக்கணக்கில் அது மெல்ல இறங்கினால் இதயம் பலமாகிறது என்று அர்த்தம். அப்புறம் அதே தூரத்தை அதே வேகத்தில் ஓடும்போது போன மாசத்தைவிடத் துடிப்பு குறைகிறதா என்பது. இந்த இரண்டைத் தவிர மற்றதெல்லாம் கலர் கலரான கிராஃப்.

கடையிலேயே சோதித்துவிடலாம். கட்டிக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் முட்டியைத் தூக்கி ஓடுங்கள், வெட்கம் பார்க்காதீர்கள். கழுத்தில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். வாட்ச் காட்டுவதோடு ஐந்து, பத்து வித்தியாசம் என்றால் ஓகே. முப்பது நாற்பது வித்தியாசம் வந்தாலோ, நீங்கள் ஓடினாலும் நின்றாலும் 78-லேயே நின்றாலோ, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். பர்மா பஜாரில் பெரிய பிராண்டு மாதிரியே டப்பாவோடு குறைந்த விலைக்கு வாட்ச் காட்டுவார்கள், பார்க்க அச்சு அசலாக இருக்கும், இந்தச் சோதனையில் பல்லிளித்துவிடும். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடியே உங்கள் போனில் ஆப் போட்டு இணைத்துப் பாருங்கள். ஸ்ட்ராப் 20 அல்லது 22 எம்.எம். பொது அளவாக இருந்தால் பிய்ந்தாலும் எங்கேயும் மாற்றிக்கொள்ளலாம்.

காதுக்கு என்ன போடுகிறீர்கள் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர், எண்ணூர், மணலி ரோடுகளில் விடிகாலையிலேயே கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும். அங்கே வெளிச் சத்தத்தை அடைக்கிற இயர்போனை மாட்டிக்கொண்டு ஓடுவது விபரீதம். காதுக்குள் போகாத, காதோரம் மாட்டுகிற வகையை வாங்குங்கள், இல்லை பாட்டே வேண்டாம். மின்னுகிற பட்டை ஒன்று மேலே போட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்பிருந்தால் பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா மாதிரி இடத்துக்குப் போய்விடுவது இன்னும் நல்லது.

புல்-அப் வராதவர்களுக்கு வளையமாக வருகிற ரெசிஸ்டன்ஸ் பேண்ட். கம்பியில் மாட்டி காலை வைத்தால் உங்கள் எடையில் ஒரு பகுதியை அது தூக்கிக்கொள்ளும். அகலமானதில் ஆரம்பித்து, எட்டு ரெப் சுத்தமாக வந்ததும் அடுத்த குறுகலானதுக்கு இறங்குங்கள், இதையும் நோட்டில் எழுதுங்கள். ரப்பருக்கு வெயில் ஆகாது, மொட்டை மாடியில் தொட்டி மேலே போட்டுவிட்டு வந்தால் கொஞ்ச நாளில் வெடிப்பு விடும். போடுவதற்கு முன் இழுத்து ஓரங்களைப் பாருங்கள், சின்னக் கீறல் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள், முகத்தில் அறைந்தால் கண் போய்விடும். ஸ்கிப்பிங் கயிறு வாங்கினால் நடுவில் மிதித்து நின்று இரண்டு பிடியையும் மேலே இழுங்கள், அக்குள் வரை வந்தால் உங்கள் அளவு.

எடை குறைக்கிறவர்களுக்கு டெய்லர் டேப்பும் சாதாரண எடை மெஷினும் போதும். காலையில் பாத்ரூம் போய்விட்டு, சாப்பிடாமல், தினமும் பார்த்து ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். கொழுப்பு சதவீதம் காட்டுகிற ஸ்மார்ட் மெஷின் பாதம் வழியாக லேசான மின்சாரம் விட்டுக் கணக்குப் போடுகிறது, தண்ணீர் குடித்ததற்கும் வியர்த்ததற்கும் எண் மாறும். பேஸ்மேக்கர் வைத்திருக்கிறவர்கள் அதில் ஏறவே கூடாது. தொப்பையில் கட்டுகிற வியர்வை பெல்ட், அதிர்வு பெல்ட் எதுவும் வேண்டாம், போவது தண்ணீர் மட்டும்தான், ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும்.

எங்கே வாங்குவது? பெல்ட், கயிறு, பேண்ட் எல்லாம் பெரியமேடு ஸ்போர்ட்ஸ் கடைகளில் கையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம், தோலுக்கும் அந்த ஏரியாதான். எலக்ட்ரானிக் சாமானுக்கு பில்லும் வாரண்டியும் தருகிற கடை, நூறு ரூபாய் கூட ஆனாலும்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. லேத்தில் வெட்டிய தட்டுக்கு முதலில் ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, காய்ந்ததும் பெயிண்ட், அதன் மேலேயே எடையை எழுதிவையுங்கள். வீட்டு டம்பெல்லில் பிடிக்கிற இடத்துக்கு வாரம் ஒரு தடவை மெஷின் ஆயில் தொட்ட துணியால் ஒரு துடை, தூக்குகிறதுக்கு முன்னாடி காய்ந்த துணியால் இன்னொரு துடை.